ஒரே உலைச்சோறு, வேறு வேறு உடம்பு

வயதான தாய் தகப்பனை வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகள்களுக்கும் மகன்களுக்கும் மருமகள்களுக்கும்,



உங்கள் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டுச் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏதோ ஒரு பொருள் காணாமல் போயிருக்கும். "யாரு எடுத்தா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். யாரும் எடுக்கவில்லை என்று சொன்னால் அழுகை; பேசாமல் இருந்தால் சந்தேகம். நடுராத்திரியில் கூடத்தில் காலடிச் சத்தம். காலையில் நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு அக்கா கேட்பார்: "அம்மைக்கு வயசாயிட்டுல்லா?" நீங்களும் தலையை ஆட்டிவிட்டுப் போவீர்கள். நானும் 7 மாதம் அப்படித் தலையாட்டினேன். அந்த 7 மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு திருநெல்வேலியில். தலைமுறை தலைமுறையாகச் சைவச் சமையல். அம்மாவுக்கு அப்போது 68 வயது. மளிகைக் கணக்கு, பால் கணக்கு எல்லாம் அவள் வாய்க்கணக்குதான். பால்காரர் என்றைக்கு வரவில்லை, என்றைக்குக் கால் லிட்டர் கூட வாங்கினோம் என்பதெல்லாம் மாதக் கடைசியில் பிசகாமல் சொல்லுவாள். அந்தக் கணக்கைத்தான் முதலில் விட்டாள். அடுத்து கோயிலை விட்டாள். நெல்லையப்பர் கோயில் வாசல் வரை போய், "கால் என்னமோ பண்ணுது" என்று திரும்பி வந்துவிட்டாள். பிறகு பேச்சு குறைந்தது. கடைசியாக, வளையல் வந்தது.

"ஏட்டி, என் வளையல அவதான் எடுத்திருக்கா. ராத்திரி ரெண்டு பேரும் பேசிக்கிடுதாவ, என் காதுல விழுது" என்றாள் ஒரு நாள். 'அவ' என்றது என் மதினியை. 12 வருடம் அம்மாவுக்குத் தலைவாரி விட்டவள். வளையல் அரிசிப் பானையில் இருந்தது, அம்மாவே வைத்தது. அதைக் காட்டியபோது, "இப்பக் கொண்டு போட்டிருக்கா" என்றாள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த மதினி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தென்காசியில் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். அண்ணன் யாரோடும் பேசவில்லை. நான் அம்மாவிடம் சொன்னேன்: "நீ வேணும்னேதான் பண்ணுத." அந்த வார்த்தையை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

இதற்கு நடுவில் மருத்துவரைப் பார்க்காமல் இல்லை. ரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 11.8. "ரத்தம் பரவாயில்லை, வயசுக் கோளாறு" என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். கடைசியாக ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். அவர் அம்மாவிடம் வளையலைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அம்மா, காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் என்னென்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். "நீங்க சொல்லாதீங்க, அவங்க சொல்லட்டும்" என்றார்.

அம்மா சொன்னாள். காலையில் காபி. இரண்டு இட்லி. மத்தியானம் சோறு, குழம்பு, ஒரு கூட்டு. சாயங்காலம் இன்னொரு காபி. ராத்திரி நீர்மோர் விட்டுப் பிசைந்த சோறு. "பால் குடிப்பீங்களா?" என்று கேட்டார். "அது அவுகளுக்கு" என்றாள் அம்மா, வெளியே உட்கார்ந்திருந்த அப்பாவைக் கண்ணால் காட்டி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தினமும் ராத்திரி ஒரு டம்ளர் பால் அப்பாவிடம் போவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு டம்ளர் ஏன் இல்லை என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

பிறகு அவர் அம்மாவின் செருப்பைப் பார்த்தார். "நடக்கும்போது இது கழன்று போனா உங்களுக்குத் தெரியுதா?" என்றார். தெரியாது. உள்ளங்கால் பஞ்சுமேல் வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். இசைக்கவையைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்தார். அம்மாவுக்கு அதன் அதிர்வே தெரியவில்லை. என் முழங்கை எலும்பில் வைத்தபோது எனக்கு விர்ரென்று ஏறியது. அன்றே ரத்தம் எடுத்தார்கள். வைட்டமின் பி12, ஒரு மில்லிலிட்டருக்கு 96 பிக்கோகிராம். 200க்குக் கீழே இருந்தாலே குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பி12 என்ற சத்தை எந்தச் செடியும் செய்வதில்லை. கீரையிலும் இல்லை, பருப்பிலும் இல்லை, முருங்கையிலும் இல்லை. அதைச் செய்பவை பாக்டீரியாக்கள் மட்டும். அவற்றிடமிருந்து விலங்குகளுக்கும், இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாக நமக்கும் வருகிறது. மாவு புளிக்கிறதே, இட்லியில் இருக்காதா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அதை நம்பி இருக்க முடியாது. சைவச் சாப்பாட்டுக்காரருக்குப் பாலும் தயிரும்தான் வழி. ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 2 முதல் 2.5 மைக்ரோகிராம், ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் துகள்களில் இரண்டோ மூன்றோ. 200 மில்லி பாலில் 1 மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். காய்ச்சும்போது அதிலும் ஒரு பங்கு போகும். அப்படியானால் தண்ணீர் கலந்த அரை டம்ளர் காபிப் பாலிலும் நீர்மோரிலும் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் துளிச் சத்து இல்லாவிட்டால் ரத்த அணு சரியாக உருவாகாது. நரம்பைச் சுற்றியிருக்கும் கொழுப்புறை சிதையும். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களைச் செய்வதற்கு வேண்டிய ஒரு கண்ணியும் அறுந்துபோகும். கால் மரத்துப்போவது, மறதி, எரிச்சல், சோர்வு, சந்தேகம், இல்லாத குரல் கேட்பது எல்லாம் ஒரே குறையிலிருந்து வரலாம். கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு இருப்பதால் இந்தக் குறை மெல்ல மெல்லத்தான் தலைகாட்டும். அதனாலேயே அது நம் கண்ணுக்கு நோயாகத் தெரியாமல் குணமாகத் தெரிகிறது.

"ஒரே உலையில் வெந்த சோற்றைத்தானே அப்பாவும் சாப்பிட்டார்?" என்று அண்ணன் கேட்டான். நியாயமான கேள்வி. அந்த மருத்துவர் சொன்ன பதில்தான் இந்த மடலின் உயிர். சாப்பாடு தட்டில் விழுவதோடு கதை முடிவதில்லை. உணவிலுள்ள பி12ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். பிரிந்து வந்ததைப் பத்திரமாகக் கொண்டுபோக இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உள்ளே வாங்க வேண்டும். இந்த மூன்றில் எது பழுதானாலும், தட்டில் இருந்தது ரத்தத்தில் இருக்காது.

அம்மாவுக்கு 11 ஆண்டுகளாகச் சர்க்கரை. தினம் மெட்ஃபார்மின். அது நல்ல மருந்து. ஆனால் நீண்ட நாள் சாப்பிடும்போது பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும். மெட்ஃபார்மின் எடுப்பவருக்குக் குறைபாட்டின் அறிகுறி தெரிந்தால் பி12ஐச் சோதித்துப் பாருங்கள் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. அதோடு, நெஞ்செரிச்சலுக்கென்று எப்போதோ எழுதிக் கொடுத்த கேஸ் மாத்திரையை அம்மா நிறுத்தாமல் வருடக்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். அது வயிற்று அமிலத்தை அடக்கும் மாத்திரை. போதாக்குறைக்கு வயது, வயதானால் பலருக்கு அமிலம் தானாகவே குறையும். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை, கேஸ் மாத்திரை இல்லை, ராத்திரிப் பால் உண்டு. உலை ஒன்றுதான், உடம்பு இரண்டு.

ஆகவே, "எங்க பாட்டி மோரும் சோறும் தின்னு தொண்ணூறு வயசு இருந்தா" என்று யாராவது சொன்னால், சந்தோஷம் என்று சொல்லிவிட்டு உங்கள் அம்மாவின் ரத்தத்தைச் சோதியுங்கள். அவருடைய பாட்டியின் வயிறு வேறு.

தட்டுக்கும் மனசுக்கும் உள்ள இந்த உறவு புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெலாக்ரா என்ற நோய் பரவியது. தோல் வெந்தாற்போல் ஆகும், வயிறு போகும், புத்தி பேதலிக்கும். மனநோயாளிக் காப்பகங்கள் இந்த நோய் வந்தவர்களால் நிரம்பின. தொற்றுநோய் என்றுதான் பலரும் நம்பினார்கள். 1914இல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் ஜார்ஜியா மாநிலத்து மில்லெட்ஜ்வில் காப்பகம் போன்ற இடங்களைப் பார்த்துவிட்டு ஒன்றைக் கவனித்தார். உள்ளே இருப்பவர்களுக்கு நோய் வருகிறது. அவர்களைத் தொட்டுப் பராமரிக்கும் செவிலியருக்கும் ஊழியருக்கும் வருவதில்லை. தொற்று ஆள் பார்த்து வருமா? வித்தியாசம் சாப்பாட்டில் இருந்தது. மக்காச்சோளமே கதியென்று இருந்தவர்களுக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் கொடுத்தபோது நோய் விலகியது. நயாசின் என்ற சத்தின் குறை அது என்பது 1937இல்தான் உறுதியானது. எத்தனை பேர் அதுவரை பைத்தியம் என்ற பெயரோடு செத்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

பி12 கதையும் அதே மாதிரிதான். கல்லீரலைச் சாப்பிடக் கொடுத்தால் ஒருவகைக் கொடிய ரத்தசோகை தீருகிறது என்று மைனாட், மர்ஃபி என்ற மருத்துவர்கள் 1926இல் காட்டினார்கள். விப்பிள் என்ற ஆய்வாளரோடு சேர்த்து 1934இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கல்லீரலில் இருந்து நோயைத் தீர்த்த அந்தப் பொருளான பி12ஐப் பிரித்தெடுத்தது 1948இல். 1960இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் இந்தக் குறைபாட்டால் வரும் மனக்குழப்பத்தைப் பற்றித் தனியாகவே கட்டுரை எழுதினார். 1962இல் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது இன்னும் நெஞ்சைத் தொடுவது. தாய்க்கு பி12 இல்லாததால் தாய்ப்பாலிலும் இல்லை. அதை மட்டுமே குடித்த குழந்தைகள் சிரிப்பதை விட்டு, கவிழ்வதையும் உட்காருவதையும் மறந்து, கைகால் நடுங்கச் சோர்ந்து கிடந்தார்கள். பி12 கொடுத்ததும் தேறினார்கள். வேளாவேளைக்குப் பால் கொடுத்த தாய் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவளுக்கு யாரும் பால் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"ரத்தம் பரவாயில்லை" என்ற வார்த்தையைக் கேட்டு நாங்கள் நிம்மதியாக வீட்டுக்கு வந்தோமே, அதற்கும் பதில் 1988லேயே இருந்தது. பி12 குறைவால் நரம்பும் மனமும் பாதிக்கப்பட்ட 141 பேரைப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், 40 பேருக்கு ரத்தசோகையும் இல்லை, ரத்த அணு பெருத்தும் இல்லை. ஹீமோகுளோபின் ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவைதான்.

பெரியவர் ஒருவரின் குணம் சில மாதங்களில் மாறினால், மருத்துவரிடம் போகும்போது இரண்டு பட்டியல் கொண்டுபோங்கள். ஒன்று, ஒரு வாரம் அவர் உண்மையிலேயே என்ன சாப்பிட்டார் என்பது. நீங்கள் பரிமாறியதை எழுதாதீர்கள். அவர் வாய்க்குள் போனதை எழுதுங்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறவரின் தட்டை நாம் பார்ப்பதே இல்லை. இன்னொன்று, அவர் போடும் எல்லா மாத்திரையும். கடையில் நாமாகக் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரையும் சேர்த்து. இரைப்பையிலோ குடலிலோ அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பி12ஐயும் தைராய்டையும் சோதிக்க வேண்டுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். தைராய்டு குறைந்து புத்தி தடுமாறிய 14 பேரைப் பற்றி ரிச்சர்ட் ஆஷர் என்ற மருத்துவர் 1949லேயே எழுதியிருக்கிறார். பி12 ஊசி போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். போட்ட பிறகு எடுத்தால் உண்மை மறைந்துவிடும். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தானாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அது ரத்தத்தைத் தேற்றிக் காட்டும்; உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். இரண்டே நாளில் திடீரென்று ஆள் தெரியாமல் பிதற்றினால் பட்டியல் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். கிருமித்தொற்றோ, சர்க்கரையோ உப்போ இறங்கியதோ, பக்கவாதமோ எதுவாகவும் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சைவமாகவே இருப்பேன் என்கிறவரை முட்டை தின்னச் சொல்லி வதைக்காதீர்கள். அவர் வாழ்ந்த வாழ்க்கை அது. எங்கள் அம்மா சிவப்பான ஊசி மருந்தைப் பார்த்து, "இது என்ன, ரத்தமா?" என்று கையை இழுத்துக்கொண்டாள். பி12க்குள் கோபால்ட் என்ற உலோகம் இருக்கிறது, நிறம் அதனால் வருவது. இன்று இந்த மருந்தைப் பாக்டீரியாவை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். அம்மா கையை நீட்டினாள்.

இனி இன்னொரு பக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவளாவேன்.

எல்லா மனநோயும் சத்துக் குறைவால் வருவதில்லை. எல்லா மறதியும் ஊசியில் திரும்புவதில்லை. பி12 சரியாக இருக்கும் ஒருவருக்கு மேலும் மேலும் ஊசி போட்டு மனச்சோர்வைப் போக்கிவிட முடியாது. ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, ஒமேகா 3 எல்லாம் சேர்ந்த சத்துமாத்திரைகளை ஒரு வருடம் கொடுத்தும் மனச்சோர்வு வருவதை அவை தடுக்கவில்லை. அதே சமயம், 2017இல் ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வுள்ள 67 பேரிடம் நடந்த 12 வார ஆய்வில், சாப்பாட்டை முறைப்படுத்த உதவி பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தேறினார்கள். ஆறுதலாகப் பேச ஆள் மட்டும் கிடைத்தவர்களில் தேறியவர் 100க்கு 8 பேர். சிறிய ஆய்வு. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்கள். நல்ல சாப்பாடு மருந்துக்குத் துணை நிற்கும். அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்றக் கூடாது.

அதனால், இந்த மடலைக் காட்டி யாருடைய மனநல மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். "இயற்கை உணவு போதும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சாப்பாட்டை மாற்றுவதைக்கூட மருத்துவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். லித்தியம் போடுகிற ஒருவர் ரத்தக்கொதிப்புக்குப் பயந்து திடீரென்று உப்பை நிறுத்தினால், ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகிவிடக்கூடும். எங்கள் அம்மாவுக்கும் ஊசியோடு சேர்த்து, சந்தேகம் தணிய ஒரு சின்ன மாத்திரையும் சில மாதம் கொடுத்து, பிறகு மருத்துவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை. கேஸ் மாத்திரை இனி வேண்டுமா என்று பார்த்து, வேண்டாம் என்று எடுத்துவிட்டார்.

ஊசி முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று போனது. மூன்றாவது வாரம் ராத்திரி நடை நின்றது. ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, "மருமவள எங்கட்டி, ரொம்ப நாளா காணோம்?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அண்ணன் அன்றைக்கே தென்காசிக்குப் போனான். மதினி வந்தாள். அம்மா அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தான் சொன்னது எதுவும் அவளுக்கு நினைவில்லை. மதினிக்கு எல்லாம் நினைவிருக்கிறது. "அத்த சொல்லல, அந்த நோவு சொல்லிச்சு" என்று அவள் எங்களிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டியிருந்திருக்கும் என்பதை மருமகள்களாகிய நீங்கள்தான் அறிவீர்கள்.

எல்லாம் திரும்பிவிடவில்லை. அம்மாவின் கால் மரப்பு பாதிதான் குறைந்தது. நரம்பு எவ்வளவு காலம் பட்டினி கிடந்ததோ, அவ்வளவுக்கு அது மீள்வதும் குறைவு. கோயில் படி ஏற இப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். அந்தக் கை என் தோளில் அழுந்தும்போதெல்லாம் அந்த 7 மாதம் நினைவுக்கு வருகிறது.

சென்ற மாதக் கடைசியில் பால்காரர் கணக்குச் சொன்னபோது அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "எட்டாந்தேதி நீரு வரலையே, அதக் கழிச்சீரா?" அவர் சிரித்துக்கொண்டே கழித்தார். இப்போது எங்கள் வீட்டில் அரை லிட்டர் கூடுதலாக வாங்குகிறோம். ராத்திரி இரண்டு டம்ளர் ஆற்றுகிறோம். இரண்டாவது டம்ளரை அப்பாவே எடுத்துப்போய் அம்மாவிடம் கொடுக்கிறார்.

இன்று ராத்திரி உங்கள் வீட்டில் எத்தனை டம்ளர் என்று எண்ணிப் பாருங்கள்.

அன்புடன்,
திருநெல்வேலியிலிருந்து
உங்களைப் போன்ற ஒரு மகள்